நலவாழ்வுப் பகுதி: உப்பும் சர்க்கரையும் வந்த வழி

ஆடி பிறந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பர் நம் ஊர்ப்பக்கத்தில். இங்கோ, ஆடி என்றால் முழங்காலளவு தண்ணீரில் டிராம் நகர்வதே பெரிதாக இருக்கிறது. மழைநீரும் சாக்கடை நீரும் கலந்து தெருவில் நிற்கும் இந்நாட்களில் குழாய்த் தண்ணீரும் ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் காணும் பருவம் இதுவே. ஆகவே, வயிற்றுப்போக்குக்கு அளிக்கப்படும் உப்புச் சர்க்கரை நீரைப் பற்றி இத்திங்கள் எழுத எண்ணினோம். மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என அன்பர்கள் வினவலாம். அப்பொட்டலத்தின் வரலாற்றில் பெரும்பகுதி நாம் பிழைக்க வந்த இக்கல்கத்தா நகரிலேயே நிகழ்ந்தது. எனினும், அரை நூற்றாண்டு கடந்தும் நம் இல்லங்களுள் சிலவற்றில் அஃது இன்னும் நுழையவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும்போது நமக்கு வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றின.

காலரா என்னும் வாந்திபேதியின் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884ஆம் ஆண்டில் இந்நகரில் இருந்தபோதே ஐயமற இனங்கண்டார். கிருமி இன்னதெனத் தெரிந்துவிட்டது. அஃது எவ்வாறு கொல்கிறது என்பது தெரிய மேலும் 75 ஆண்டுகள் சென்றன. 1959ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சம்புநாத் டே, முயலின் குடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, கிருமி வளர்ந்த நீரை வடிகட்டிக் கிருமி ஒன்றுமில்லாத நிலையில் அதனுள் செலுத்திப் பார்த்தார். கிருமியே இல்லாத அந்நீர் குடலைத் தண்ணீரால் நிரப்பிவிட்டது. கிருமி உமிழும் நஞ்சே நோயை விளைக்கிறது என்பது இதனால் உறுதியாயிற்று. அந்நஞ்சு குடற்சுவரை அரித்து அழிப்பதில்லை. உடலிலுள்ள நீரையும் உப்பையும் குடலுக்குள் சுரக்கச் செய்கிறது, சுரந்தவை வெளியேறிவிடுகின்றன. காலராவில் மாள்பவர் பெரும்பாலும் நீர் வற்றியே மாள்கிறார். இத்துணைப் பெரிய உண்மையைக் கண்ட டேயை 1978ஆம் ஆண்டில் நோபல் கருத்தரங்குக்கு அழைத்துப் பெருமைப்படுத்தியது ஸ்டாக்ஹோம். நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்களோ 1985ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை அவரை உறுப்பினராகவும் ஏற்கவில்லை. இதைப்பற்றி நாம் அதிகம் கூறுவதற்கில்லை.

இழந்த நீரை ஈடுசெய்தால் நோயாளி பிழைப்பார் என்பது அதற்கு முன்பே மருத்துவர் அறிந்ததுதான். இரத்தக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றினார்கள், பிழைத்தவர் பலர். ஆயின், அதற்குத் தூய்மை செய்த நீர் வேண்டும், புட்டி வேண்டும், ஊசி வேண்டும், ஊசியேற்றப் பழகிய கையும் வேண்டும். காலராவோ இவை ஒன்றும் இல்லாத இடங்களிலேயே பெரிதும் பரவியது. வாய் வழியே குடிக்கக் கொடுத்தால் ஆகாதா? வெறும் நீரும் வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தவர்கள், கொடுத்தது அத்தனையும் வெளியேறக் கண்டு கைவிட்டனர்.

கைவிடாத ஒருவர் இந்நகரில் இருந்தார். டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்பவர், உப்பையும் குளுக்கோசையும் சேர்த்துக் கரைத்த நீரை 186 நோயாளிகளுக்கு வாய் வழியே கொடுத்துக் குணங்கண்டதாக 1953ஆம் ஆண்டில் லண்டன் ‘லான்செட்’ இதழில் எழுதினார். நோயைத் தணிக்க ஓர் இலைச்சாற்றையும் அவர் பயன்படுத்தினார். அந்த இலை வேறன்று. நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவல்லியே. ஆனால் அக்கட்டுரையை உலகம் படித்துவிட்டுப் புரட்டிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளிக் கூட்டம் இல்லை; உட்சென்ற நீரும் வெளிச்சென்ற நீரும் அளக்கப்படவில்லை; இம்முறை ஏன் பலிக்கிறது என்பதற்குக் காரணமும் கூறப்படவில்லை. விஞ்ஞானிகள் ஐயுற்றது முறையே. ஐயுற்றவர்கள் மீண்டும் செய்து பார்த்திருக்கலாமே என்பதுதான் நம் குறை. பதினைந்து ஆண்டுகள் அது கிடப்பில் கிடந்தது.

காரணம் பின்னர்க் கிடைத்தது. 1960ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர், குடற்சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்தே உட்புகுகின்றன என்ற கருத்தை வெளியிட்டார். உப்பு தனியே வந்தால் வாயில் அடைத்திருக்கிறது; குளுக்கோஸ் உடன் வந்தால் திறக்கிறது; உப்பு சென்ற வழியே நீரும் செல்கிறது. காலரா நஞ்சு எத்தனை கொடியதாயினும் இவ்வாயிலை மட்டும் அது தொடுவதில்லை. ஆனால் அளவு மிகவும் இன்றியமையாதது. சர்க்கரை மிகுந்தால் அது குடலில் தங்கி உடலின் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும், பேதி பெருகும். 1962ஆம் ஆண்டில் மணிலா நகரில் அளவு தவறிச் செறிவாகக் கரைத்த நீரைக் கொடுத்த ஒரு சோதனையில் சிலர் இறந்தே போயினர். பலரும் அஞ்சிப் பின்வாங்க அதுவும் ஒரு காரணம்.

1968ஆம் ஆண்டில் டாக்கா ஆராய்ச்சிச் சாலையில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்னும் இரு இளம் மருத்துவர்கள், வெளியேறும் நீரை மணிக்கு மணி அளந்து, அதே அளவு உப்புச் சர்க்கரை நீரைக் குடிக்கக் கொடுத்தனர். ஊசி வழியே ஏற்றவேண்டிய நீரின் தேவை நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தது. கல்கத்தாவிலும் அதே காலத்தில் இத்தகைய சோதனைகள் வெற்றி கண்டன. இவையெல்லாம் ஆராய்ச்சி மருத்துவமனைகளில், பயிற்சி பெற்ற தாதியர் அருகிருந்து அளந்து கொடுத்தவை. தாதி இல்லாத இடத்தில், எழுத்தறியாத் தாய் ஒருத்தி தன் மகவுக்குத் தானே இந்நீரைக் கொடுக்கலாமா? கூடாது என்பதே அந்நாளில் பெரும்பாலோர் கருத்து.

அக்கருத்தைக் கலைத்தது ஒரு பெருந்துயரம். 1971ஆம் ஆண்டில் கிழக்கு வங்கத்தில் போர் மூண்டு, ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தனர். அன்பர்களுள் முதியோர் சிலர் அந்நாட்களில் சியால்டா நிலையத்தில் கண்ட காட்சிகளை இன்னும் சொல்வதுண்டு. அங்கிருந்து வண்டியேறினால் இரண்டு மணி நேரத்தில் சேரும் பொங்காவ், எல்லையோரச் சிற்றூர். அதன் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டு அறைகள், கட்டில்கள் பதினாறு. நோயாளிகளோ நூற்றுக்கணக்கில் தரையில் கிடந்தனர். ஜூன் மாத இறுதியில் அங்கே சென்ற டாக்டர் திலீப் மஹலனாபிஸ், தரையெங்கும் வாந்தியும் கழிவுமாயிருக்க, அவற்றின் நடுவே மண்டியிட்டே நோயாளிகளுக்கு ஊசியேற்ற வேண்டியிருந்தது எனப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஏற்றும் நீரின் புட்டிகள் தீரும் நிலைக்கு வந்தன. மாள்வோர் நூற்றுக்கு முப்பது பேர் என்று இருந்தது.

மஹலனாபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். கல்கத்தாவில் தாம் பணிபுரிந்த ஆராய்ச்சி நிலையத்தின் நூலக அறையைப் பொட்டலம் கட்டும் கூடமாக்கினார். கடைத்தெருவில் எளிதாய்க் கிடைத்த மூன்று பொருள்கள் போதுமென்றார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. இவற்றை நிறுத்துப் பாலிதீன் பைகளில் இட்டு, சலவைப் பெட்டியின் சூட்டால் வாயை ஒட்டிப் பொங்காவுக்கு அனுப்பினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. அங்கே குழாய் பொருத்திய பீப்பாய்களில் அது கரைக்கப்பட்டது. நோயாளியின் தாயோ தங்கையோ கணவரோ குவளையை எடுத்துச் சென்று பிடித்து வந்து, வாயில் ஊட்டினர். எவ்வளவு கொடுப்பது? நோயாளி தாகமடங்கும் வரை குடிக்கட்டும் என்பதே விதி. எட்டு வாரங்களில் ஏறத்தாழ 3,700 பேர் இவ்வாறு மருத்துவம் பெற்றனர். அவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

ஆராய்ச்சி என்னும் சொல்லைக் கேட்டவுடன் கண்ணாடிக் குழாய்களும் நுண்பெருக்கிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. பொங்காவில் நடந்ததும் ஆராய்ச்சியே என்று நாம் கொள்வோம். குடற்சுவரின் வாயிலைக் கண்டவர் ஒருவர். அவ்வாயில்வரை ஏழைத் தாயின் குவளை செல்லுமா என்று கண்டவர் மற்றொருவர். பின்னதை அறிவுலகம் எளிதில் ஏற்கவில்லை. மஹலனாபிஸின் அறிக்கை அச்சேறியது 1973ஆம் ஆண்டில்தான். உலக சுகாதார ஸ்தாபனத்தில் பணியாற்றிய டாக்டர் திமான் பருவா பொங்காவை நேரில் கண்டவராதலால், அவர் அங்கே இம்முறைக்காக வாதாடினார். அதன்பின் ஸ்தாபனமும் யுனிசெப்பும் இதைத் தம் முறையாக ஏற்றன. இந்நூற்றாண்டின் மருத்துவ முன்னேற்றங்களுள் தலைசிறந்ததாக இது விளங்கக்கூடும் என்ற கருத்தில் 1978ஆம் ஆண்டில் தலையங்கம் எழுதியது, சட்டர்ஜியின் கட்டுரை வெளிவந்த அதே ‘லான்செட்’. மஹலனாபிஸ் 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இந்நகரிலேயே காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

உலகம் ஏற்றுவிட்டது என்பதால் தாய்மார் ஏற்றுவிடுவரோ? வங்கதேசத்தில் ‘பிராக்’ என்னும் தொண்டு நிறுவனம் இவ்வினாவோடு பத்தாண்டுகள் போராடியது. பொட்டலம் சென்று சேராத ஊர்களில், மூவிரல் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரைச் சேர் நீரில் கரைக்க, வீடுவீடாகச் சென்று கற்பிக்கப் பெண்களை 1980ஆம் ஆண்டு முதல் அது அனுப்பியது. கற்பித்தவர்க்கு ஊதியம், கற்ற தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பின்னர் ஒருவர் சென்று சோதித்த பிறகே கணக்கிடப்பட்டது. தாய்மார் நன்றாகவே நினைவில் வைத்திருந்தனர். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது அதைக் கொடுத்தவர் சிலரே! இதென்ன விந்தை என்று ஆராய்ந்ததில், கற்பிக்கச் சென்ற பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது வெளிப்பட்டது. தமக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரையையே நாடினர். அவர்களை டாக்காவுக்கு அழைத்துச் சென்று, இந்நீர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளக்கிக் காட்டினார்கள். வீட்டுத் தலைவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டதும் தடையாக இருந்தது. பின்னர்ச் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆடவர்க்கும் எடுத்துரைத்தனர். அதன்பின் பழக்கம் வேரூன்றியது. 1990ஆம் ஆண்டுக்குள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்களுக்கு அவர்கள் சென்று வந்தனர். அறிதல் வேறு, நம்புதல் வேறு, நள்ளிரவில் குழந்தை துவளும்போது கை தானே அதைத் தேடிச் செல்லுதல் வேறு.

1980ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 46 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் மாண்டனர் என மதிப்பிட்டிருந்தனர். இன்று அத்தொகை ஐந்து லட்சத்துக்கும் கீழே இறங்கியுள்ளது. நல்ல தண்ணீர், கழிப்பிடம், தடுப்பூசி ஆகியவற்றின் பங்கும் இதில் உண்டு. உப்புச் சர்க்கரை நீரின் பங்கு பெரிது.

நம் நாட்டு நிலை என்ன? வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைகளுள் பொட்டலநீர் பெற்றவர்கள் நூற்றுக்கு 26 பேர் என்றது 2005-06ஆம் ஆண்டின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. 2019-21ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அது 61 ஆக உயர்ந்தது. உயர்வு மகிழத்தக்கதே. ஆயினும் நூற்றுக்கு 39 குழந்தைகளுக்கு, இது பிறந்த நாட்டிலேயே இது கிட்டவில்லை.

அந்த 39இல் நம்மவரும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. சென்ற ஆண்டு இதே பருவத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்த இளந்தம்பதியரின் பதினான்கு மாதக் குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. முதல் நாளே மருத்துவரிடம் எடுத்துச் சென்றனர். ஓர் ஊசியும் மூன்று புட்டி மருந்தும் கிடைத்தன. ஊருக்குத் தொலைபேசியில் கேட்டால், “வயிற்றைக் காயப்போடு, எல்லாம் சரியாகும்” என்று பாட்டி கூறினார். பாலும் நீரும் நிறுத்தப்பட்டன. மூன்றாம் நாள் குழந்தையின் கண்கள் குழிந்து, அழுதால் கண்ணீர் வராத நிலை. அடுத்த வீட்டு வங்க மூதாட்டி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, தம் அலமாரியிலிருந்த பொட்டலத்தைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டியபடியே மருத்துவமனைக்கு உடன் சென்றார். குழந்தை பிழைத்தது. பெற்றோர் இருவரும் படித்தவர்கள், பணமும் குறைவில்லை. ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையும் அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அது வெயிலில் களைத்தவர் குடிப்பது என்றே எண்ணியிருந்தார்களாம்.

அம்மருத்துவர் ஏன் அதைச் சொல்லவில்லை? இதற்கு விடை தேடும் ஆராய்ச்சியும் ஒன்று நடந்தது. அதன் முடிவு 2024ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில், மருத்துவம் பார்ப்போர் 2,000க்கு மேற்பட்டோரிடம், வயிற்றுப்போக்குக் கண்ட இரண்டு வயதுக் குழந்தையின் தந்தை போல நடிக்கப் பயின்றோர் சென்றனர். கடையில் பொட்டலம் இல்லாமையோ, வேறு மருந்து விற்பதில் வரும் ஆதாயமோ பெருங்காரணமாகத் தோன்றவில்லை. வந்தவர் இதை விரும்பமாட்டார், ‘வலுவான’ மருந்தையே எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் தாமே எண்ணிக்கொள்வதுதான் முதற்காரணமாக நின்றது. “ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாமா?” என்னும் கருத்துப்பட வந்தவர் கேட்டபோது, அதை எழுதிக் கொடுத்தோர் நூற்றுக்கு 27 பேர் கூடினர். மருத்துவர் நம் முகத்தைப் பார்த்து மருந்து எழுதுகிறார். நாம் அவர் எழுதிய நீளத்தைப் பார்த்து அவரை மதிக்கிறோம்! “குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால்தான் எனக்குத் தெம்பு” என்று சொல்லாத குடும்பம் நம்மில் உண்டா?

ஆகவே வாய் திறந்து கேட்க வேண்டும். மொழி தெரியாதே எனத் தயங்க வேண்டுவதில்லை. மருந்துக் கடையில் “தாதா, ஓ.ஆர்.எஸ். தின்” என்றால் போதும். வங்கமொழியில் ‘தின்’ என்றால் ‘தாருங்கள்’ என்று பொருள். கடைக்காரரை உண்ணச் சொல்வதாகப் புதிதாய் வந்தவர்கள் அஞ்சற்க. கொடுப்பதை மட்டும் படித்துப் பார்த்து வாங்குக. பழச்சாறு போல் இனிக்கும் பானங்கள் சில இப்பெயரைத் தாங்கி நெடுநாள் விற்கப்பட்டன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுக்கு ஒவ்வாத பானங்கள் இப்பெயரைத் தாங்கலாகாது என 2025ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சர்க்கரை மிகுந்த நீர் பேதியைப் பெருக்கும் என முன்னரே கூறினோம்.

பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்கு உரியது; சிறிய பொட்டலம் 200 மில்லி லிட்டருக்கு உரியது. பெரியதில் பாதியை ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்கும் வழக்கம் ஆபத்தானது. முழுவதையும் உரிய அளவு கொதித்தாறிய நீரில் ஒரே முறையில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தி, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர். அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200. வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் கரண்டி கரண்டியாக, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. பொட்டலம் கைக்கு எட்டாத இரவில், ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் மிக நல்லது. அரிசி மாவில் செய்த நீர் காலராவுக்கு நன்கு உதவுவதை டாக்கா ஆராய்ச்சியாளர்கள் 1980களில் காட்டினர். நம் பாட்டிமார் வயிற்றைக் காயப்போடச் சொன்னதை விடுத்து, கஞ்சி வைக்கச் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வோம். துத்தநாக மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குக. ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாட்கள் வரை. பேதி நின்றாலும் இதை நடுவில் நிறுத்தலாகாது.

குழந்தை குடிக்க மறுத்தாலோ, துவண்டு உறக்கத்திலேயே இருந்தாலோ, கண் குழிந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெல்லவே மீண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வீட்டு மருத்துவத்தோடு நிற்றல் கூடாது. மருத்துவமனைக்கு உடனே புறப்படுக. போகும் வழியிலும் கரண்டி ஓயலாகாது.